கேன்சல் செய்த லோயர் பெர்த்

என் சின்ன மகள் விமானக் கம்பெனியில் வேலைக்குச் சேரும்வரை சிகந்திராபாத் லாலாகுடாவில் எங்கள் தெருவில் யாரும் அந்த மாதிரி வேலைக்குப் போனதில்லை. எல்லாமே ரயில்வே வீடுகள். என் வீட்டுக்காரர் ஒர்க்‌ஷாப்பில் பெட்டிகளுக்கு அடியில் படுத்து முப்பத்தாறு வருஷம் வேலை செய்தார். ஜோலார்பேட்டையிலிருந்து கல்யாணமாகி இங்கே வந்தேன். அவர் போன பிறகு குவார்ட்டர்ஸை ஒப்படைத்துவிட்டுப் பின் தெருவில் நாங்களே கட்டிய இரண்டு அறை வீட்டுக்கு மாறினேன். அவ்வளவுதான் நான் செய்த குடிமாற்றம்.

ரயில்வே வீட்டில் பாஸ் என்றால் சின்னக் குழந்தைக்கும் தெரியும். டிக்கெட் வாங்காமல் குடும்பத்தோடு ஊர் போய் வரலாம். ஆனால் பாஸ் வேறு, பெர்த் வேறு. பெர்த்துக்குத் தனியாக ரிசர்வேஷன் செய்ய வேண்டும். செய்யாவிட்டால் பாஸைக் கையில் வைத்துக்கொண்டு கக்கூஸ் பக்கத்தில் ட்ரங்குப் பெட்டிமேல் உட்கார்ந்து போக வேண்டியதுதான். நான் அப்படிப் போயிருக்கிறேன், இரண்டு பிள்ளைகளோடு. அதனால் இந்த விஷயம் எனக்குத் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. தெரிந்தேதான் அந்தத் தப்பைச் செய்தேன்.

மகளுக்கும் பாஸ் கொடுத்தார்கள். பெற்றவர்களுக்கு ஒரு வகை, சிநேகிதர்களுக்கென்று வருஷத்துக்குச் சில. விமானத்தில் டிக்கெட் வாங்கியவர்கள் எல்லாரும் ஏறி, அதற்குமேல் சீட்டு காலியாக இருந்தால்தான் பாஸ்காரர்களைக் கூப்பிடுவார்கள். ஸ்டாண்ட்பை என்று அதற்குப் பேர். கவுண்டர் மூடுகிற நேரம் வரைக்கும் ஓரமாக உட்கார்ந்திருக்க வேண்டும். பேர் கூப்பிட்டால் போகலாம், கூப்பிடாவிட்டால் அடுத்த விமானத்துக்குக் காத்திருக்கலாம், இல்லையென்றால் வீட்டுக்குத் திரும்பலாம்.

நான் முதலில் மெட்ராஸ் போனேன். சீட்டு கிடைத்தது, ஜன்னலோரம். பிறகு பெங்களூர் போனேன், கிடைத்தது. மூன்றாவதாக விசாகப்பட்டினம் போனபோதும் கிடைத்தது. மூன்று தடவையும் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு போய், அங்கே தந்த தண்ணீரை மட்டும் குடித்துவிட்டு வந்தேன். அதன்பிறகு ஸ்டாண்ட்பை என்கிற சொல்லையே நான் மறந்துபோனேன். தெருவில் கேட்டவர்களுக்கெல்லாம், நம்முடைய ஒர்க்‌ஷாப் பாஸ் மாதிரிதான், இன்னும் வசதி என்று சொன்னேன்.

கேட்கிறவர்கள் நிறைய. வீடு தேடி வந்து, வாசலில் செருப்பைக் கழற்றி, ஏதோ பேச்சு பேசி, கடைசியில் பாஸில் வந்து நிற்பார்கள். யாருக்குத் தரலாம் என்று நானே முடிவு செய்து மகளிடம் சொல்வேன். அவள் ஒருநாள், "அம்மா, அது என் பேர்ல இருக்கற பாஸ். உன் ரேஷன் கார்டு இல்ல," என்றாள். எங்கள் பக்கத்துவீட்டுப் பையனுக்கு டெல்லியில் இன்டர்வியூ என்று நான் சொல்லித்தான் ஒன்று கொடுத்தாள். அவன் அரை நிக்கரும் ரப்பர் செருப்புமாகப் போய் நின்றான். கவுண்டரில் ஏற்றவில்லை. அவன் அங்கேயே சத்தம் போட்டான். மகளின் மேலதிகாரி அவளைக் கூப்பிட்டுக் கடிதம் எழுதி வாங்கினார். இன்னொரு தடவை நடந்தால் ஒரு வருஷத்துக்கு யாருக்கும் பாஸ் கிடையாது, பெற்ற தாய்க்கும் கிடையாது என்றார்கள். அதிலிருந்து, நல்ல துணி உடுத்த வேண்டும், கவுண்டரில் வாக்குவாதம் கூடாது, ஸ்டாஃப் வீட்டு ஆள் என்று சொல்லிக்கொண்டு திரியக் கூடாது என்று மூன்று விஷயத்தை எல்லாருக்கும் நானே சொல்லி அனுப்பினேன்.

இப்போது என் சிநேகிதியைப் பற்றிச் சொல்ல வேண்டும். குவார்ட்டர்ஸில் எங்களுக்கு அடுத்த கதவு அவளுடையது. அவள் புருஷனும் ஒர்க்‌ஷாப்தான், பெயின்ட் பிரிவு. அவரும் இப்போது இல்லை. வேதக்காரர்கள், மாதா கோயிலுக்குப் போகிறவர்கள். என்னைவிட ஐந்தாறு வயது சின்னவள், அக்கா என்றுதான் கூப்பிடுவாள். என் மகளுக்கு அவள் சின்னம்மா. அவளுக்குப் பிள்ளை இல்லை. தங்கை மகளை ஆறாவது வகுப்பிலிருந்து காலேஜ் முடியும்வரை தன் வீட்டில் வைத்து வளர்த்தாள். அந்தப் பெண் கல்யாணமாகிக் கோயம்புத்தூரில் இருக்கிறது. போன வருஷம் ஆண் குழந்தை பிறந்தது.

குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுக்கும்போது ஞானத்தாய் என்று ஒருத்தி பக்கத்தில் நிற்பாள். குழந்தையைக் கையில் ஏந்திக்கொண்டு, கேட்கிற கேள்விக்கு அதற்காகப் பதில் சொல்வாள். கடைசிவரைக்கும் அந்தப் பிள்ளைக்கு அவள் இன்னொரு தாய். இந்த ஊர்க் கோயிலில் இரண்டு மூன்று குழந்தைகளுக்கு என் சிநேகிதியை நிற்கச் சொல்லிக் கேட்டு, பிறகு வேறு ஆளை நிறுத்தியிருக்கிறார்கள். பிள்ளை இல்லாதவள் என்பதால் என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. இந்தத் தடவை அந்தப் பெண்ணே போன் செய்து, "பெரியம்மா, நீங்கதான் நிக்கணும்," என்றது. மாப்பிள்ளையின் அக்காவுக்குத் தான் நிற்க வேண்டும் என்று ஆசை இருந்ததாம். இந்தப் பெண் பிடிவாதமாக இருந்து பெரியம்மாவுக்கு அந்த இடத்தை வாங்கிக் கொடுத்தது.

அன்றிலிருந்து இவள் குழந்தைக்கு வெள்ளைச் சட்டை தைக்க ஆரம்பித்தாள். மிஷின் வீட்டில் இருந்தும் கையால் தைத்தாள். கழுத்துப் பட்டையில் சின்னச் சின்ன மடிப்பாக வைத்து நூல் ஓட்டினாள். மூன்று மாதம் ஆயிற்று.

விதவை பாஸில் அவளுக்கு ரயிலில் லோயர் பெர்த் கன்ஃபார்ம் ஆகியிருந்தது. சனிக்கிழமை மத்தியானம் சிகந்திராபாத்தில் ஏறினால் ஞாயிறு காலை கோயம்புத்தூர். பத்து மணிக்குப் பூசையில் ஞானஸ்நானம். எல்லாம் பொருந்தி வந்தது. அதை நான்தான் கெடுத்தேன். அவளுடைய முட்டிவலியைப் பார்த்து மனசு கேட்காமல் சொன்னேன் என்று மற்றவர்களிடம் சொல்லியிருக்கிறேன். முட்டிவலி உண்மைதான். ஆனால் என் மகளின் பாஸில் என் சிநேகிதி விமானத்தில் இறங்கினாள் என்று அந்தச் சம்பந்தி வீட்டார் பார்க்க வேண்டும் என்கிற ஆசை அதைவிடப் பெரிதாக இருந்தது.

"எனக்கு லோயர் பெர்த் இருக்குதே அக்கா. படுத்துக்கினே போயிடுவேன்," என்றாள்.

"நாள் பூரா முட்டிய மடக்கி வச்சிக்கினு போவப்போறியா? ஒன்றர மணி நேரத்துல எறங்கிடலாம். நானும் கூட வரேன்."

"சீட்டு நிச்சயமா?"

"எம் பொண்ணு அங்க இருக்கும்போது என்னாடி நிச்சயம்?"

வியாழக்கிழமை அவளைக் கூட்டிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போய்ப் பெர்த்தை கேன்சல் செய்தேன். கவுண்டரில் இருந்தவர் எங்களைத் தெரிந்தவர். லோயரையா விடறீங்க என்று இரண்டு தடவை கேட்டார். மகளிடம் இரண்டு பேருக்குப் பாஸ் போடச் சொன்னேன். சனிக்கிழமை நிறைய சீட்டு காலி இருப்பதாகப் பார்த்துச் சொன்னாள். கிடைக்காவிட்டாலும் சின்னம்மாவுக்குத்தான் ரயில் இருக்கிறதே என்றாள். நான் ஆமாம் இல்லை என்று ஒன்றும் சொல்லவில்லை.

சனிக்கிழமை விடிந்ததும் பஸ் பிடித்து ஷம்ஷாபாத் விமான நிலையத்துக்குப் போனோம். அவள் நீலப் பட்டு, நான் அரக்குப் பட்டு. ஸ்டீல் டப்பாவில் புளிசாதம். அவள் மடியில் துணிப்பை, அதற்குள் குழந்தையின் சட்டை, தொப்பி, காலுறை, மெழுகுவர்த்தி. கவுண்டர்களுக்கு எதிரே இருக்கிற இரும்பு நாற்காலியில் உட்கார்ந்தோம். மகள் மூன்று கவுண்டர் தள்ளி வேலையில் இருந்தாள். சொந்தக்காரர்களின் டிக்கெட்டைக் கம்பெனி ஆட்கள் தொடக்கூட முடியாது. எங்களைப் பார்த்தும் பார்க்காதவள் மாதிரி இருந்தாள்.

முந்தின நாள் ஏதோ ஒரு விமானம் நின்றுபோய், அந்த ஜனமெல்லாம் சனிக்கிழமைக்கு வந்திருந்தார்கள். காலை விமானம் நிரம்பிப் போயிற்று. எங்களை யாரும் கூப்பிடவில்லை. ஒன்பது மணிக்கு மகள் இடைவேளையில் வந்தாள்.

"அம்மா, இன்னிக்கு கஷ்டம். சின்னம்மா இப்பவே கெளம்பட்டும். ஆட்டோல போனா ட்ரெயின் பிடிச்சிடலாம்."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். என் சிநேகிதிதான் பெர்த்தை கேன்சல் செய்ததைச் சொன்னாள். அதுவும், தானாகவே செய்ததுபோலச் சொன்னாள். மகள் என்னைப் பார்த்தாள். "எந்துக்கம்மா?" என்று மட்டும் கேட்டாள். ஏன் என்பதைத் தெலுங்கில் கேட்டாள், கோபம் வந்தால் அவளுக்கு அதுதான் வரும்.

"நான் ஜெனரல் பெட்டில போயிடறேன் அக்கா. எத்தன தடவ போயிருக்கோம்," என்று இவள் எழுந்தாள். எழும்போதே முட்டியைப் பிடித்துக்கொண்டாள்.

"நக்கோ, வேணாம். அந்தக் கூட்டத்துல நிக்க முடியாது உன்னால. மத்தியானம் ஒண்ணு இருக்கு, சாயங்காலம் ஒண்ணு இருக்கு. ஒக்காரு," என்றேன். உட்கார்ந்தாள். ஆக ஒருதடவை இல்லை, இரண்டு தடவை நான் அவளைத் தடுத்தேன்.

மத்தியான விமானமும் நிரம்பிப் போயிற்று. புளிசாதத்தைச் சாப்பிட்டோம். பக்கத்தில் கழுத்தில் அட்டை மாட்டிய ஒருவர் உட்கார்ந்திருந்தார். அதே கம்பெனியில் வேறு ஊரில் வேலையாம். அவரும் கோயம்புத்தூருக்குத்தான், நேற்றிலிருந்து காத்திருக்கிறாராம். அவருக்கும் மூடியில் கொஞ்சம் வைத்துக் கொடுத்தோம்.

சாயங்கால விமானம்தான் அன்றைக்குக் கடைசி. கவுண்டர் மூடுகிற நேரத்தில் ஒரு பேரைக் கூப்பிட்டார்கள். என் பேர்.

நான் எழுந்து போய், கூட இருக்கிறவள் போகிறாள், அவளுக்குக் கொடுங்கள் என்றேன். கவுண்டர்ப் பெண் பொறுமையாகத்தான் சொன்னாள். ஒரே ஒரு சீட்டுதான் இருக்கிறது. வரிசை இருக்கிறது. பெற்றவர்கள் முன்னால், பிறகு ஸ்டாஃப், சிநேகிதர்கள் கடைசி. நான் வேண்டாமென்றால் அந்தச் சீட்டு அட்டை மாட்டிய மனுஷருக்குப் போகும். அவரும் வேண்டாமென்றால் அவருக்குப் பின்னால் இன்னும் இரண்டு பேர். என் சிநேகிதி எல்லாருக்கும் பின்னால்.

ரயிலில் ஒரு பெர்த்தில் இரண்டு பேர் உட்கார்ந்து போவதில்லையா? நான் அப்படியே கேட்டேன். "ரெண்டு பேரும் ஒரே சீட்டுல ஒக்காந்துக்கறோம்மா. ஒன்றர மணி நேரந்தானே."

"பெல்ட் ஒண்ணுதான் மேடம்," என்றாள். சிரிக்கவில்லை, அதைச் சொல்ல வேண்டும்.

என் குரல் ஏறுவது எனக்கே கேட்டது. மூன்று கவுண்டர் தள்ளி மகள் எங்கள் பக்கம் திரும்பவில்லை, ஆனால் அவள் கை கம்ப்யூட்டர் மேல் அப்படியே நின்றுவிட்டது. நான் வாயை மூடிக்கொண்டேன்.

திரும்பி வந்து விஷயத்தைச் சொன்னேன். என் சிநேகிதி துணிப்பையை எடுத்து என் கையில் வைத்தாள்.

"நீ போ அக்கா. கொழந்த இந்தச் சட்டையப் போட்டுக்கணும்."

"நான் மட்டும் அங்க போயி என்னா பண்ணுவேன்டீ? அவங்க மூஞ்சில எப்படி முழிப்பேன்?"

"நிச்சயம்னு சொன்ன இல்ல? சட்டையாவது நிச்சயமா போயிச் சேரட்டும்."

இத்தனை வருஷத்தில் அவள் என்னை அப்படிப் பேசினதில்லை. நான் போனேன்.

நடு சீட்டு. இரண்டு பக்கமும் ஆண்கள். பையை மடியில் வைக்கக் கூடாது, காலடியில் வைக்கச் சொன்னார்கள். கோயிலில் போடுகிற துணியைக் காலடியில் வைக்க மாட்டேன் என்று மேலே வைக்கச் சொன்னேன். ஜன்னல் பக்கம் நான் திரும்பவே இல்லை.

கோயம்புத்தூரில் மாப்பிள்ளை வந்து வீட்டுக்குக் கூட்டிப் போனார். என் சிநேகிதி முன்னாடியே போன் செய்துவிட்டாள் போல. யாரும் ஒன்றும் கேட்கவில்லை. அந்தப் பெண் எனக்குத் தட்டு வைத்துச் சோறு போட்டுவிட்டு உள்ளே போய்விட்டது. அதன் கண் சிவந்திருந்தது. மாப்பிள்ளையின் அக்கா கூடத்தில் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தையல் கடை வைத்திருக்கிறவர், நல்ல உயரம். "அப்பறம் என்னங்க, வராத ஆளுக்காகப் பூசைய நிறுத்த முடியுமா? நான் நின்னுக்கறேன்," என்றார். அதில் சந்தோஷம் இருந்தது. அது தப்பில்லை, அவர் ஆசைப்பட்டதுதானே.

மறுநாள் காலையில் எல்லாருக்கும் முன்னால் குளித்து, மாப்பிள்ளையை எழுப்பி, கோயிலுக்குக் கூட்டிப் போகச் சொன்னேன். பங்குச் சாமியார் அப்போதுதான் கதவைத் திறந்துகொண்டிருந்தார். நான் அவர் சாமியைக் கும்பிடுகிறவள் இல்லை. வாழ்நாளில் யாரிடமும் போய், நான் தப்பு செய்துவிட்டேன் என்று நின்றதும் இல்லை. அன்றைக்கு நின்று எல்லாவற்றையும் சொன்னேன். அவளுக்குப் பிள்ளை இல்லாததையும், பெர்த்தையும், பாஸையும் சொன்னேன்.

சாமியார் கவனமாகக் கேட்டார். "கன்ஃபார்ம் ஆன லோயர் பெர்த்தையாம்மா கேன்சல் பண்ணீங்க?" என்றார்.

"ஆமாங்க சாமி."

ஞானத்தாய் நேரில் வர முடியாமல் போனால் அவளுக்குப் பதிலாக இன்னொருவர் நின்று குழந்தையை ஏந்தலாம் என்றார். பதிவேட்டில் ஞானத்தாய் என்கிற இடத்தில் அவள் பேர்தான் இருக்கும். அவளுடைய பங்குக் கோயிலிலிருந்து கடிதம் ஏற்கெனவே வந்துவிட்டது, அதனால் தடையில்லை. ஆனால் பதிலுக்கு நிற்கிறவர் அவர்கள் சபையைச் சேர்ந்தவராக இருக்க வேண்டும். நான் நிற்க முடியாது.

விமானத்தில் ஒருத்தி பேருக்கு வந்த சீட்டில் இன்னொருத்தி உட்கார முடியவில்லை. இங்கே முடியும் என்கிறார். எனக்கு உயிர் வந்தது. ஆனால் அந்த வீட்டில் பிள்ளையைப் பெற்றவர்களை விட்டால் நிற்கக்கூடியவர் ஒருவர்தான், மாப்பிள்ளையின் அக்கா. மாப்பிள்ளை, நீங்களே கேளுங்கம்மா, நான் கேட்டா சண்டைதான் வரும் என்றார்.

வீட்டுக்கு வந்தேன். மாப்பிள்ளையின் அக்கா தலை வாரிக்கொண்டிருந்தார். பச்சைப் பட்டு, புதுசு, கட்டில்மேல் எடுத்து வைத்திருந்தது. சாமியார் சொன்னதைச் சொல்லிவிட்டு, "நீங்கதாம்மா கொழந்தய ஏந்தணும். பேரு மட்டும் அவளோடதா இருக்கட்டும்," என்றேன்.

சீப்பைக் கீழே வைத்தார். "பேரில்லாம நிக்கறதுக்கு நான் என்னங்க, தூணா?"

அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் கேட்டிருப்பேன். பையைத் திறந்து சட்டையை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். "இது போட்டுக்கணும்னு அனுப்பினா. அவளுக்கு ரயில்ல எடம் இருந்துது. நான்தான் கேன்சல் பண்ண வச்சேன். அவமேல ஒரு தப்பும் இல்ல," என்றேன்.

அவர் சட்டையைத் திருப்பி உள்பக்கம் பார்த்தார். தையல்காரர்கள் உள்பக்கம்தான் பார்ப்பார்கள். கழுத்துப் பட்டையின் மடிப்புகளை நகத்தால் தொட்டுத் தொட்டுப் போனார். ஒரு கரையிலிருந்து மறுகரைவரை போய்த் திரும்ப வந்தார்.

"கையிலயா தச்சாங்க?"

"கையிலதான். மூணு மாசம்."

"இந்த வயசுல கண்ணு தெரியுதுங்களா அவங்களுக்கு?"

"ஊசில நூல் கோக்கறதுக்கு மட்டும் என் வீட்டுக்கு வருவா. எம் பொண்ணு கோத்துக் குடுக்கும்."

அவர் சட்டையைக் கட்டிலில் விரித்தார். பிறகு உள்ளே பார்த்து, "கொழந்தயக் கொண்டா புள்ள, சட்டையப் போட்டுப் பாக்கலாம்," என்று கூப்பிட்டார்.

கோயிலில் அவர்தான் ஏந்தினார். சாமியார் கேட்டதற்கெல்லாம் கணீரென்று பதில் சொன்னார். பூசைக்கு வந்தவர்களிடம், பெரியம்மா வர முடியலைங்க, அவங்களுக்குப் பதிலா நிக்கறேன் என்று அவரே சொன்னார். நான் கடைசி பெஞ்சில் இருந்தேன். தண்ணீர் ஊற்றும்போது குழந்தை அழவில்லை, மெழுகுவர்த்தியைப் பார்த்துத்தான் அழுதது. முடிந்ததும் பதிவேட்டைப் பார்க்க வேண்டும் என்று கேட்டேன். நான் மூன்றாவது வரைக்கும் படித்தவள், எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். சாமியார் பக்கத்தைத் திருப்பிக் காட்டி, நான் விரல் வைத்துப் படித்து முடிக்கும்வரை பேனாவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

திரும்பி வருவதற்கும் விமானப் பாஸ் இருந்தது. நான் ரயிலில் வந்தேன். அப்பர் பெர்த்துதான் கிடைத்தது, எதிரில் இருந்த பையன் தன்னுடைய லோயரை மாற்றிக் கொடுத்தான். மகள் அதன்பிறகு என்னைத் திட்டவில்லை. அந்தச் சனிக்கிழமை ஷிப்ட் முடிந்ததும் சின்னம்மாவை அவள்தான் வீட்டில் கொண்டுவந்து விட்டிருக்கிறாள். ஆனால் பாஸ் விஷயம் பேச யாரும் வீட்டுக்கு வரக் கூடாது, நேராகத் தன்னிடம் கேட்க வேண்டும் என்று தெருவில் சொல்லிவைத்துவிட்டாள். இப்போது என் வாசலில் செருப்பு குறைவு. எனக்கு அது கஷ்டமாகத்தான் இருந்தது.

அந்த ரயிலில் வந்து சிகந்திராபாத்தில் இறங்கினதும் என் வீட்டுக்குப் போகாமல் அவள் வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்தாள். உள்ளே வா என்று சொல்லவில்லை. பை காலியாக இருப்பதைப் பார்த்தாள்.

"சட்ட சரியா இருந்துதா?"

"கைப்பக்கம் கொஞ்சம் டைட்டு. மாப்பிள்ளையோட அக்கா பிரிச்சுத் தச்சாங்க."

"என் பேரு எழுதினாங்களா?"

"எழுதினாங்க. நானே படிச்சேன்."

"நீ படிச்சியா?" அவள் கதவு நிலையில் சாய்ந்துகொண்டாள். "அப்பறம் எப்படி நம்பறது? ஒவ்வொரு எழுத்தா சொல்லு, பாப்போம்."

கையில் காலிப் பையோடு வாசலில் நின்றபடி, அவள் பேரை ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னேன். இன்னொரு தடவை என்றாள். இரண்டாவது தடவையும் சொல்லி முடித்த பிறகுதான் உள்ளே வந்து உட்காரச் சொன்னாள்.